ஆளில்லாத ரூமுக்கு லைட் எதுக்கு

தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்க. ஈரோட்டுல ஏறுனதுல இருந்து பாக்கறேன், காதுல அதை மாட்டீட்டுக் கண்ணை மூடீட்டு உக்காந்திருக்கறீங்க. பாட்டுங்களா? பாட்டுன்னா எப்படிப்பட்ட பாட்டுங்க?

இல்லீங்க, வேவு பாக்கலை. சர்வீஸ்ல இருந்த புத்தி, ரிட்டையர்டு ஆகியும் போக மாட்டீங்குது. நான் கவர்மெண்ட் பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவனுங்க. மொதல்ல கண்டக்டரு, அப்புறம் செக்கிங். அர்த்தநாரின்னு பேரு, திருச்செங்கோடு. நீங்க காதுல இருந்து எடுத்துட்டீங்க பாருங்க, அது நல்ல மனசு. இந்தக் காலத்துல ஒரு காதைத்தான் எடுப்பாங்க.

எதுக்குக் கேட்டேன்னா, போன மாசம் நானும் ஒரு ஆல்பம் கேட்டனுங்க. முழுசா. மொதப் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும். அதுல இருந்து யாரு காதுல மாட்டியிருந்தாலும் உள்ள என்ன ஓடுதோன்னு ஒரு சந்தேகம்.

எனக்கு ஒரே பொண்ணு. சிந்துஜா. கோயமுத்தூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை, கூட வேலை செய்யற ரெண்டு பொண்ணுகளோட வீடு எடுத்துத் தங்கியிருக்கறா. இப்ப அவகிட்டத்தான் போறேன். அவளைப் பத்தி ஒண்ணு சொல்லோணும்னா, பேச மாட்டா. பேசுனாலும் நமக்குக் கேக்காது. கடைக்குப் போயி சக்கரை கேட்டாள்னா கடைக்காரரு எந்திரிச்சு வந்து 'என்ன கண்ணு, என்ன கண்ணு'ன்னு காதைக் கிட்டக் கொண்டுபோவாரு. பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட அம்மா என்கிட்ட மெதுவாக் கேட்டுது, 'ஏனுங்க, புள்ளைக்கு வாய் பேச வருமில்லீங்க?'ன்னு.

அந்த அடக்கம் தானா வந்துருமுங்களா? வளத்தது அப்படி. ஸ்கூலுக்குப் போறப்ப பையை நான் பாக்காம அவ வாசப்படி தாண்டுனதில்லை. சாயந்தரம் வந்தவொடனே கையைக் காட்டச் சொல்லுவேன். புள்ளைக உள்ளங்கைல பேனாவுல கிறுக்கீட்டு வருமில்லீங்க, யாரு பேரை எழுதுதோ யாரு கண்டா? காலேஜ் போனப்பறம் போனு. அவ நான் கேக்காமயே நீட்டீருவா, பாத்துட்டுக் குடுத்துருவேன். ஒரு நாள் மொணங்குனதில்லை. அவ ரூமு கதவுக்கு உள்பக்கம் தாப்பாள் இருந்துது, வயசுக்கு வந்தப்ப நாந்தான் கழட்டிப்போட்டேன். பொம்பளப் புள்ளை ரூமுக்குத் தாப்பாள் எதுக்குங்க? உள்ள ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நாம கதவை ஒடைச்சுட்டா இருக்க முடியும்? எல்லாம் பாதுகாப்புக்குத்தான்.

இந்த வருசம் ஒரு நல்ல எடம் வந்துதுங்க. நாமக்கல்லுல கோழிப்பண்ணை. பையன் கண்ணுக்கு லட்சணமா இருந்தான். அவனோட தாய்மாமன் நாச்சிமுத்துன்னு ஒருத்தரு, அவருதான் முன்னால நின்னு பேசுனாரு. எல்லாம் கூடி வர்ற நேரத்துல, ஒரு நாள் மத்தியானம், சோறு தின்னுட்டு உக்காந்திருக்கறேன், அவருகிட்ட இருந்து போன்.

"ஏனுங்க, உங்க பொண்ணு ஏதோ ஆல்பத்துல இருக்குதாமா?"

ஆல்பம்னா எனக்குத் தெரிஞ்சது கல்யாண ஆல்பந்தானுங்க. "யாரு கல்யாணத்துலங்க?"ன்னு கேட்டேன்.

"கல்யாணமில்லீங்க, பாட்டு ஆல்பம். எங்க தம்பி மவன் காட்டுனான். பாட்டா அது? எவனையோ கட்டி வெச்சு அடிக்கற மாதிரி இருக்குது. அதுல உங்க பொண்ணு பேரு போட்டிருக்குது. அனுப்பறேன், கேட்டுட்டு என்னான்னு சொல்லுங்க. எங்க அக்கா பயந்துபோயிக் கெடக்குது."

போன்ல வந்துது. தொட்டேன். ஒரு படம் தொறந்துது. ஒரு கதவுங்க. வெறும் கதவு, வேற ஒண்ணுமில்லை. பச்சைப் பெயிண்ட் அடிச்ச கதவுல தாப்பாள் இருந்த எடத்துல ஆணி ஓட்டை மட்டும் இருக்குது. எங்கூட்டுக் கதவும் அதே பச்சைதான், அந்தக் காலத்துல எல்லாரும் அந்தப் பச்சையத்தான் அடிச்சாங்க. போட்டோ புடிக்கறதுக்கு இவனுகளுக்கு வேற எடமே கெடைக்கலையான்னு நெனைச்சேன். பாடற கூட்டத்துக்குப் பேரு 'தாழ்ப்பாள்'னு போட்டிருந்துது. கீழ இங்கிலீசுல என்னமோ போஸ்ட் ஹார்ட்கோர்னு. போஸ்டு பண்ணியிருக்காங்கன்னு நான் நெனைச்சுட்டேன், அது பாட்டோட வகையாமா.

ஆல்பத்துக்குப் பேரு என்ன தெரியுங்களா? 'ஆளில்லாத ரூமுக்கு லைட் எதுக்கு.'

எனக்கு ஒரு நிமிசம் ஆச்சரியமாப் போச்சுங்க. இது அவ ஊட்டுல இருந்தப்ப நான் தெனமும் சொன்னதுங்க. ராத்திரி அவ ரூம்ல லைட் எரிஞ்சா, போயி ஆப் பண்ணீட்டுச் சொல்லுவேன். அவ உள்ள இருந்தாலும் சொல்லுவேன், உள்ள இருக்கறாளா இல்லையான்னே தெரியாது, சத்தமே வராதே. சரி, கரண்டு சிக்கனத்தைப் பத்தி ஏதோ நல்ல கருத்துச் சொல்லியிருக்கறானுகன்னு கேக்கறதுக்கு முந்தி மனசுக்குள்ள ஒரு மார்க் போட்டேன்.

அதுக்குக் கீழ நாலு பேரு. மூணு பசங்க பேரு, நாலாவது சிந்துஜா. யாரு என்ன பண்றாங்கன்னு போடலை. பேரு மட்டும்.

என்ர மூளை எப்படி வேலை செஞ்சிருக்கும்னு நெனைக்கறீங்க? மூணு பசங்க. ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை செய்யுது, வாய் பேசாது. அவ பேரு எதுக்கு அங்க வருது? ஒண்ணு இவனுகளுக்கு வரவு செலவு பாக்கறா. இல்லீன்னா, மூணுல ஒருத்தன். வேற என்ன இருக்க முடியும்?

அவளுக்குப் போன் பண்ணலை. செக்கிங்குக்கு வர்றோம்னு யாராச்சும் சொல்லீட்டு வருவாங்களா?

"ருக்கு, இங்க வா. இதைக் கேளு"ன்னேன். என்ர சம்சாரம் ருக்குமணி அவரைக்காய் ஆஞ்சுட்டு இருந்தா. "எனக்கெதுக்குங்க, நீங்க கேளுங்க"ன்னா. ஆனா மொறத்தைத் தூக்கீட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டா.

மொதப் பாட்டு. மொதல்ல சத்தமே இல்லீங்க. கொழாயில தண்ணி சொட்டற மாதிரி ஒரு கிடார். டொக், டொக். போன் சத்தம் கம்மியா இருக்குதுன்னு முழுசா ஏத்துனேன். ஏத்தி முடிக்கலை, அப்படியே தகரக் கொட்டாய் சரிஞ்ச மாதிரி எல்லாம் ஒண்ணா விழுந்துது பாருங்க! போன் கை நழுவிக் கீழ போயிருச்சு. டிரம் அடிக்கறவன் ஸ்பீடு பிரேக்கர்ல பிரேக்கே போடாத பஸ் மாதிரி தடதடன்னு போறான். அதுக்கு மேல ஒரு தொண்டை. கத்துது. பாடுதுன்னு சொல்ல மாட்டேன். லாரி ஏர் பிரேக் அடிச்சா வருமில்லீங்க, அந்த மாதிரி ஒரு சீறல், அதுக்குள்ள வார்த்தை இருக்குது. தமிழுன்னு தெரியுது. என்ன தமிழுன்னு தெரியலை.

போனு கெட்டுப்போச்சுன்னு நெனைச்சேன். நிறுத்தீட்டு மறுக்கா போட்டேன். அதேதான்.

"கஞ்சா"ன்னேன்.

"என்னங்க?"

"கஞ்சா அடிக்காம ஒரு மனுசன் இப்படிக் கத்த முடியாது, ருக்கு. நான் எத்தனை பேரைப் பஸ்ல பாத்திருக்கறேன்."

அவ அவரைக்காய்ல நார் உரிச்சுட்டு, "அடுத்த பாட்டு கொஞ்சம் மெதுவா இருக்குங்க"ன்னா.

நான் திரும்பிப் பாத்தேன். "உனக்கெப்படித் தெரியும்?"

"எல்லாப் படத்துலயும் அப்படித்தானுங்களே? ஒரு குத்துப்பாட்டு வந்தா அடுத்தது மெதுவாத்தானே வரும்."

அதுவுஞ் சரிதான்னு வுட்டுட்டேன். அடுத்த பாட்டு மெதுவாத்தான் இருந்துது. மேம்பாலத்துக்கு அடியில படுத்திருக்கற நாயைப் பத்தி என்னமோ. அதுலயும் பாதிக்கு மேல கத்தல் வந்துருச்சு. நாய்க்கு எதுக்குக் கத்தறான்? மூணாவது பாட்டுல பேச்சே இல்லை, வெறும் கிடார், ஒருத்தன் ஒண்ணு வாசிக்கறான், இன்னொருத்தன் அதுக்குச் சம்பந்தமில்லாம இன்னொண்ணு வாசிக்கறான், ரெண்டும் சண்டை போட்டுட்டே போயிக் கடைசில எப்படியோ ஒரே எடத்துல வந்து நிக்குது. அது எப்படின்னு எனக்கு வெளங்கலை. மறுக்காக் கேட்டேன். மறுக்காவும் வந்து நின்னுது. இதுல ஏதோ ஏமாத்து வேலை இருக்குதுன்னு தோணுச்சு.

நாலாவது பாட்டுத்தான் சேதி. அதுக்குப் பேரு 'காட்டு.' காடு மேடு காட்டு இல்லீங்க, எடுத்துக் காட்டுன்னு சொல்றமே, அந்தக் காட்டு. இதுல வார்த்தை கொஞ்சம் புரிஞ்சுது. பழகிப்போச்சோ என்னமோ.

'பையைக் காட்டு, கையைக் காட்டு,
போனைக் காட்டு, பொய்யைக் காட்டு.'

இதையே திரும்பத் திரும்பக் கத்தறாங்க. அப்புறம் டக்குன்னு எல்லாம் நின்னுருது. அந்தத் தொண்டை மட்டும், கத்தாம, மூச்சு எரைக்கற மாதிரிச் சொல்லுது:

'ஒளிச்சு வெச்சது ஒண்ணே ஒண்ணு,
தொண்டைக்குள்ள இருக்கு,
எட்டிப் பாத்து எடுத்துக்கோ.'

சொல்லி முடிச்சவொடனே மறுபடியும் தகரக் கொட்டாய்.

எனக்கு இந்தப் பாட்டு புடிச்சுப்போச்சுங்க. உள்ளதைத்தான சொல்றேன். போலீஸ்காரனுகளைத்தான் கேக்கறான். ராத்திரி வண்டியை நிறுத்தி அதைக் காட்டு இதைக் காட்டுன்னு நோண்டறானுகல்ல? சின்னப் பசங்களுக்கு எவ்வளவு அவமானம்? "பரவால்ல ருக்கு, இது கருத்துள்ள பாட்டு. போலீஸை நல்லாக் கேட்டிருக்கறான்"ன்னு சொன்னேன்.

ருக்குமணி அவரைக்காயைக் கைல வெச்சுட்டு அப்படியே என்னையப் பாத்தா. "போலீஸைங்களா?"ன்னா.

"பின்ன? கவர்மெண்டையும் சேத்துத்தான்."

"சரிங்க"ன்னுட்டுக் குனிஞ்சுக்கிட்டா.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு பாட்டு, எனக்கு ஒண்ணும் நெலைக்கலை. கடைசிப் பாட்டுக்கு வர்றேன். அதுல கத்தலே இல்லீங்க. ஒத்தைக் கிடார், அதே தொண்டை, ஆனா கீச்சுன்னு தேஞ்சு போயி, பாதி பேச்சு, பாதி பாட்டு. பேரு 'பேனட்டு.' பழைய பஸ்ல டிரைவருக்குப் பக்கத்துல இன்ஜின் மேல ஒரு மூடி இருக்குமில்லீங்க, ஜமக்காளத்தை விரிச்சு அதுல ரெண்டு பேரை உக்கார வெப்பாங்களே, அதான் பேனட்டு.

'பேனட்டு மேல உக்காந்து வந்தேன்,
தொடை சுட்டுது, சொல்லலை.
சொன்னா எறக்கி வுட்டுருவே.'

இவ்வளவுதான் பாட்டே.

நான் போனைக் கீழ வெச்சுட்டனுங்க. சுட்டுதுன்னு எழுதியிருக்கறான் பாருங்க, அது சும்மா பஸ்ல போறவனுக்குத் தெரியாது. பேனட்டுல உக்காந்தா சுடும்கறது, அதுவும் மலைப்பாதைல எந்த நேரத்துக்குச் சுடும்கறது, பஸ்லயே வளந்தவனுக்குத்தான் தெரியும். "ருக்கு, எழுதுனவன் நம்ம டிப்பார்ட்மெண்ட் ஆளோட மவன். கண்டக்டர் மவனோ டிரைவர் மவனோ. சத்தியமாச் சொல்றேன்"ன்னேன்.

"இருக்குமுங்க"ன்னு சொல்லீட்டு அவ மொறத்தைத் தூக்கீட்டு உள்ள போயிட்டா.

அப்ப எனக்கு ஒரு கணக்கு வந்துருச்சுங்க. மூணு பசங்க. ஒருத்தன் நம்ம டிப்பார்ட்மெண்ட் ஆளு புள்ளை. அவந்தான் கத்தறவன், அவந்தான் எழுதறவன், அவந்தான் என்ர பொண்ணை வளைச்சவன். வயித்தெரிச்சலா இருந்துது. அதே நேரம், வேற எவனோ இல்லையேன்னு ஒரு சின்ன ஆறுதலும் இருந்துது, அதை ருக்குகிட்டச் சொல்லலை.

அந்த ஆல்பம் இருந்த எடத்துலயே, ஞாயித்துக்கெழமை மத்தியானம் பீளமேட்டுப் பக்கம் ஒரு பழைய மில்லு குடோன்ல நேரா வாசிக்கறாங்கன்னு போட்டிருந்துது. அன்னைக்குக் காலைல ருக்குமணிகிட்ட, பென்சன் விசயமா ஈரோடு வரைக்கும் போயிட்டு வர்றேன்னு சொல்லீட்டுக் கெளம்பிட்டேன். ஞாயித்துக்கெழமை எந்த ஆபீஸ் தொறந்திருக்கும்னு அவ கேக்கலை. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும்.

குடோன் வாசல்ல ஒரு பொண்ணு மேசை போட்டு உக்காந்திருந்துது. மூக்குல வளையம். "அங்கிள், டிக்கெட்?"ன்னுது.

வாயில வந்துதுங்க, "ஸ்டாஃப்"ன்னு. பழக்க தோசம். எத்தனை வருசம் எந்த வண்டில ஏறுனாலும் அந்த ஒரு வார்த்தைதான். அந்தப் பொண்ணு சிரிக்கலை. என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "திருச்செங்கோட்டுல இருந்துங்களா அங்கிள்? உங்களுக்கு டிக்கெட் வேண்டாம். கையைக் காட்டுங்க"ன்னுது.

"எதுக்கும்மா?"

"சீல் வெக்கோணும். எல்லாருக்கும் வெக்கறதுதான்."

காட்டுனேன். மணிக்கட்டுல ஒரு தாப்பாள் படம் போட்ட சீலைக் குத்தி வுட்டுது. ஊதா மை. சந்தையில மாட்டுக்குக் குத்தற மாதிரி. எனக்கு அது மரியாதையாப் படலை. அதை வுடுங்க, திருச்செங்கோடுன்னு இதுக்கெப்படித் தெரியும்? யாரு சொன்னா?

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ரோட்டுல எதுக்கால வர்ற பஸ்காரன் நம்ம பஸ்ஸைப் பாத்து ரெண்டு தடவை லைட் அடிச்சா என்ன அர்த்தம் தெரியுங்களா? முன்னாடி செக்கிங் நிக்குது, பாத்துப் போன்னு அர்த்தம். அந்த வாசல்ல நின்னப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துது. எவனோ லைட் அடிச்சுட்டான். யாருன்னுதான் தெரியலை.

உள்ள போயி ஒரு தூணு ஓரமா நின்னுக்கிட்டேன். எல்லாம் சின்ன வயசுப் பசங்க, பொண்ணுக. கறுப்பு பனியன். குடிச்சிருக்கறானுகளான்னு மோந்து பாத்தேன், வேர்வை நாத்தந்தான் வந்துது. ஒருத்தன் என்கிட்ட வந்து, "அங்கிள், முன்னாடி வந்துராதீங்க, இடிப்பாங்க"ன்னு சொல்லீட்டுப் போனான். மெரட்டறானா, அக்கறையாச் சொல்றானான்னு தெரியலை.

மேடைக்கு மூணு பசங்க வந்தானுக. ஒருத்தன் டிரம்முல உக்காந்தான், ரெண்டு பேரு கிடாரை மாட்டுனானுக. எனக்கு வேண்டிய ஆளு எவன்? ஒருத்தன் ஒல்லிக்குச்சி, கத்துனா ஒடைஞ்சுருவான். இன்னொருத்தன் கண்ணாடி போட்டுட்டு எல்லாத்தையும் பாத்து வெக்கப்படறான். டிரம்காரன்தான் ஆறடி, தாடி. இவந்தான்னு முடிவு பண்ணிட்டேன். டிரம் அடிச்சுட்டே கத்துவானாட்ட இருக்குதுன்னு.

அப்பத்தான் சிந்துஜா வந்தா.

ஆபீசுக்குப் போற அதே சுடிதாரு. கைல தண்ணி பாட்டில். நேரா மைக்குகிட்டப் போனா, அதோட உயரத்தைக் குறைச்சா. சரி, இவளுக்கு எடுபிடி வேலை குடுத்திருக்கறானுகன்னு எனக்கு ஆத்திரமா வந்துது. நான் வளத்த புள்ளை, இவனுகளுக்கு மைக்கைச் சரி பண்ணீட்டு நிக்குது. போயிக் கையைப் புடிச்சுக் கூட்டீட்டு வந்துரலாம்னு ஒரு எட்டு முன்னாடி வெச்சேன்.

அவ வாயைத் தொறந்தா.

தம்பி, நான் எப்படிச் சொல்றது? ஊட்டுல போன்ல கேட்டதெல்லாம் ஒண்ணுமே இல்லை. அந்தச் சத்தம் நெஞ்சுல வந்து இடிச்சுது. கழுத்து நரம்பு பொடைக்குது, மூஞ்சி செவக்குது, கண்ணை இறுக்க மூடியிருக்கறா, அந்தச் சின்ன ஒடம்புக்குள்ள இருந்து அது வருது. மொதல்ல நான் அக்கம்பக்கம் பாத்தனுங்க, வேற எவனாச்சும் மறைஞ்சு நின்னு கத்தறானான்னு. டேப்பு போட்டு வாயசைக்கறாளோன்னு பாத்தேன். இல்லை. மூச்சு வாங்கறது மைக்குல கேக்குது. அவளேதான்.

கடைல சக்கரை கேக்கத் தெரியாத புள்ளைங்க அது.

பக்கத்துல நின்ன பொண்ணு என்ர கையைத் தொட்டு, "அங்கிள், ஓகேவா? தண்ணி வேணுமா?"ன்னுது. வேண்டாம்னேன். வேண்டாம்னு சொன்னது எனக்கே கேக்கலை.

ரெண்டு மூணு பாட்டு போச்சு. அப்புறம் டிரம்காரன் 'காட்டு' பாட்டை ஆரம்பிச்சான். எனக்கு அந்த அடி மனப்பாடம் ஆயிருந்துது. ஆனா சிந்துஜா கையைத் தூக்கி அவனை நிறுத்தீட்டா. தண்ணி குடிச்சா. கூட்டத்தை ஒரு பக்கத்துல இருந்து மெதுவாப் பாத்துட்டே வந்தா. தூணுகிட்ட வந்து பார்வை நின்னுது. நான் மறையலை. மறைஞ்சு என்ன பண்றது? அவ என்னைய ஒரு நிமிசம் அப்படியே பாத்தா. அப்புறம் திரும்பி டிரம்காரனுக்குத் தலையை ஆட்டுனா.

அவ 'பையைக் காட்டு'ன்னா கூட்டம் 'காட்டு!'ங்குது. 'கையைக் காட்டு'ன்னா அத்தனை பேரும் கையை விரிச்சு மேல தூக்கறாங்க. எல்லாக் கையிலயும் அந்த ஊதாத் தாப்பாள். என்ர கையும் மேல போயிருச்சுங்க. ஏன்னு கேக்காதீங்க. சுத்தி நிக்கறவங்க எல்லாம் காட்டறப்ப நாம ஒருத்தன் மட்டும் காட்டாம நின்னா சந்தேகம் வருமில்லீங்க.

முடிஞ்சவொடனே வெளிய வந்து எதுத்தாப்புல ஒரு பேக்கரில நின்னேன். கொஞ்ச நேரத்துல அவளே வந்தா. மூஞ்சி கழுவீட்டு, துப்பட்டாவைச் சரி பண்ணீட்டு. பழைய சிந்துஜா.

"டீ குடிச்சீங்களாப்பா?" காத்து மாதிரி வருது கொரலு. நான் குனிஞ்சுதான் கேட்டேன்.

"நான் வர்றேன்னு யாரு சொன்னது?"

"அம்மா. நீங்க பஸ் ஏறுனவொடனே போன் பண்ணீட்டாங்க."

லைட் அடிச்சது யாருன்னு தெரிஞ்சுதுங்களா? என்ர ஊட்டுலயே இருக்குது. "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"ஆல்பம் வந்த அன்னைக்கே அனுப்பீட்டனுங்கப்பா. அம்மாவுக்கு எல்லாப் பாட்டும் தெரியும்."

ரெண்டு டீ சொன்னேன். டீ வர்றதுக்குள்ள நாச்சிமுத்து போன். நான் அங்க வர்றது அவருக்கும் தெரியுமோ என்னமோ, இவளைப் பாத்தேன். "ஸ்பீக்கர்ல போடுங்கப்பா. நாந்தான் பாடறேன்னு சொல்லீருங்க"ன்னா.

சொன்னேன். "கத்தறது... பாடறது என்ர பொண்ணுதானுங்க"ன்னு.

"என்னங்க சொல்றீங்க? அது ஆம்பளைக் கொரலாட்ட இருக்குதே"ன்னாரு.

எனக்கு எங்கிருந்து கோவம் வந்துதுன்னு தெரியலைங்க. "ஆம்பளை எவனுக்குங்க அந்த மூச்சு இருக்குது? உங்க பண்ணைக்காரப் பையனை ஒரே ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க, பாக்கலாம்"ன்னுட்டேன்.

"அப்ப இதை நிறுத்தீட்டாப் பேசலாம்"ன்னாரு. நான் இவ மூஞ்சியைப் பாத்தேன். இவ டீ டம்ளரையே பாத்துட்டு இருந்தா. "நிறுத்தறதுக்கு இப்பத்தானுங்க ஆரம்பிச்சிருக்கறா"ன்னு சொல்லி வெச்சுட்டேன். அந்த எடம் அதோட போச்சு. ருக்குமணிக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்பப் பாருங்க, இந்தப் பைல சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் கட்டிக் குடுத்து வுட்டிருக்கறா, தொண்டைக்காமா. என்னமோ காலங்காலமாச் செஞ்சுட்டு வர்ற மாதிரி.

அன்னைக்குப் பேக்கரில டீயைக் குடிச்சோம். எனக்கு ஒண்ணு கேக்கோணும்னு இருந்துது.

"அந்தப் பேனட்டுப் பாட்டு நீ எழுதுனதா கண்ணு?"

"ம்."

நான் கண்டக்டரா இருந்தப்ப லீவு நாள்ல அவளைக் கொல்லிமலை வண்டில கூட்டீட்டுப் போவேன். பேனட்டு மேலதான் உக்கார வெப்பேன், என்ர கண்ணு முன்னாடி இருப்பாள்னு. அசையாம உக்காந்திருப்பா. புள்ளைன்னா இப்படி இருக்கோணும்னு டிரைவர் சொல்லுவாரு.

"சுட்டுதா?"

"சுட்டுதுங்கப்பா."

"சொல்லியிருக்கலாமில்ல சாமி?"

"சொல்லியிருந்தா பின்னாடி சீட்டுக்கு அனுப்பீருப்பீங்க. அங்கிருந்து பாத்தா நீங்க விசில் ஊதறது தெரியாது."

நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டனுங்க. பீளமேட்டு ரோட்டுல பஸ்ஸுக்கா பஞ்சம்? போயிட்டே இருந்துது.

அப்புறம், வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டாம, இன்னொண்ணும் கேட்டுட்டேன்.

"அந்தக் காட்டுப் பாட்டு? அது போலீஸைப் பத்தித்தானே கண்ணு?"

அவ நிமிந்து என்னையப் பாத்தா. மேடைல இருந்து பாத்தாளே, அந்தப் பார்வை இல்லை, வேற. அப்புறம் என்ர கைல இருந்த டம்ளரை வாங்கி, அவ டம்ளரோட சேத்து மேசை மேல வெச்சா.

"ஆமாங்கப்பா"ன்னா. "போலீஸைப் பத்தித்தான்."

பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சுதுங்க தம்பி. இன்னொரு தடவை கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பா.

அதுனாலதான் கேக்கலை.